'கூல்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் 'கூல்' என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் 'கூல்' என்றால் குளிர்ச்சி என்று பளிச்சென்று விடை சொல்லிவிடுவான். அதற்கு மேல் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள், ஒரு நாள் சென்னையிலிருந்து காஞ்சீபுரம் போகும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, ஏதேனும் ஒரு பெட்டிக்கடை நிழலில் கால் மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

தண்ணீர்ப் புட்டி கேட்டால் கடைக்காரர், "கூலிங்கா, சாதாவா?" என்பார். அவர் தலைக்கு மேல் தொங்கும் அட்டையில் கறுப்புக் கண்ணாடிகள் செருகியிருக்கும். அவற்றுக்குப் பெயர் 'கூலிங் கிளாஸ்'. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் வாலிபர்களில் ஒருவன், "அவர் திட்டினால் திட்டட்டும், நீ கூலா இரு" என்று தோழனைத் தேற்றுவான். "செய்வதையும் செய்துவிட்டு எவ்வளவு கூலாகச் சொல்கிறான் பார்!" என்று மற்றொருவன் யாரையோ குறை கூறுவான். முதலாவது குளிர்ச்சி, இரண்டாவது வெயிலுக்குத் தடுப்பு, மூன்றாவது பொறுமை, நான்காவது திமிர். சொல் என்னவோ ஒன்றுதான்.

இவற்றுள் 'கூலிங் கிளாஸ்' நம்மவர்களின் சொந்தச் சரக்கு. லண்டனில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரன் விழிப்பான். மற்ற மூன்றும் ஆங்கிலேயரிடமிருந்தே வந்தவை.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத இந்த ஊரைத் தேடிப் போனதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள் என்பது யாவரும் அறிந்தது. அங்கே குளிர்ச்சியும் செய்கிறார்கள் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. கொரிய நாட்டுச் சாம்சங் கம்பெனி 2007-ல் இங்கே தொடங்கிய ஆலையில் குளிர்ப்பெட்டிகள் உற்பத்தியாகின்றன. அப்பெட்டிகளுக்கு உயிர்நிலையான கம்ப்ரஸரையும் இங்கேயே செய்ய 1,588 கோடி ரூபாய் போடுவதாக 2022-ல் அக்கம்பெனி தமிழ்நாட்டு அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. குளிர்சாதனங்களின் உறுப்புக்களைச் செய்யும் டென்மார்க் தேசத்து டான்ஃபாஸ் கம்பெனியின் ஆலை ஒரகடத்தில் இருக்கிறது. 'கூல்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வாசஸ்தலம் கிடைக்குமா?

இனிச் சொல்லின் குலம் கோத்திரத்தைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இதன் உருவம் 'கோல்' என்பது. 'கோல்டு', 'சில்' ஆகிய இரண்டும் இதனுடன் பிறந்தவை. ஜெர்மானியர் இதையே 'க்யூல்' என்பார்கள். இன்னும் மேலே போனால், லத்தீன் மொழியில் உறைபனியைக் குறிக்கும் 'கெலு' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது என்று மொழிநூலார் சொல்கிறார்கள். அந்தக் கிளையிலிருந்து வந்தவைதாம் குழந்தைகள் விரும்பும் 'ஜெல்லி'யும், இத்தாலியரின் ஐஸ்கிரீமான 'ஜெலாட்டோ'வும், வாலிபர்கள் தலையில் தடவிக்கொள்ளும் 'ஜெல்'லும். உறைந்து நிற்பது என்பதே இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து.

இங்கே நம் தமிழ் அபிமானிகளில் சிலர் குறுக்கிட்டு, "'சில்' என்பது நம்முடைய 'சில்லென்று' அல்லவா? 'ஜில்' அல்லவா?" என்று கேட்கக்கூடும். கேட்கத் தோன்றும் கேள்விதான். ஆனால் அந்த 'சில்' ஆங்கில நாட்டுக்குள்ளேயே 'கியெலெ' என்ற பழைய உருவத்திலிருந்து ஒலி திரிந்து வந்தது. நம்முடைய 'சில்', 'சிலிர்' என்பவை உடம்பு உணர்வதை ஒலியாலே காட்டும் சொற்கள். முகஜாடை ஒத்திருக்கிறது என்பதற்காக வழியில் போகிறவரை அத்தான் என்று அழைத்துவிடலாமா? எல்லாச் சொற்களும் தமிழிலிருந்தே போயின என்று நிலைநாட்டாமல் தமிழுக்குப் பெருமை இல்லை என்று எண்ணுவது, தமிழின் பெருமையைக் குறைவாக மதிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையான வேடிக்கை சொல்லின் பிறப்பில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது.

ஆங்கிலேயர் வசிப்பது குளிர் தேசம். அங்கே வருஷத்தில் பாதி நாள் மனிதனுக்குக் குளிரே சத்துரு, கணப்பே பந்து. ஆகையால் அவர்கள் பாஷையில் அன்பு உஷ்ணமாகவும் வெறுப்பு குளிர்ச்சியாகவும் இருக்கிறது. இரக்கமற்றவனுக்குக் குளிர்ந்த நெஞ்சு. விருந்தாளியை முகங்கொடுத்துப் பேசாமல் அனுப்பினால், அவனுக்குக் 'குளிர்ந்த தோளை'க் காட்டியதாகச் சொல்வார்கள். ஸர் வால்ட்டர் ஸ்காட் 1816-ல் வெளியிட்ட ஒரு நாவலில் இந்தப் பிரயோகம் வருகிறது. 'கூல்' வரவேற்பு என்றால் வேண்டா வெறுப்பாகச் செய்த வரவேற்பு. நல்ல வரவேற்புக்கோ கதகதப்பு வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் தலைகீழ். சித்திரை வெயிலில் வெந்தவன் அன்பை அடுப்பங்கரையில் தேடுவானா? நம் உள்ளம் குளிரும், கண் குளிரும், வயிறு குளிரும், பெற்ற வயிற்றில் பால் வார்ப்பார்கள். அரசன் குடிகளிடம் காட்டும் கருணைக்குத் 'தண்ணளி' என்று பெயர். அவன் பிடிக்கும் வெண்குடை மழைக்காக அன்று, குளிர்ந்த நிழலுக்காக. கோபம் ஆறினால் 'தணிந்தது' என்கிறோம். குடிக்கும் நீரையே குளிர்ச்சியை முன்னிட்டுத் 'தண்ணீர்' என்றார்கள். அதைக் கொதிக்க வைத்துவிட்டு 'சுடுதண்ணீர்' என்று சொல்கிறோமே, அதில் இருக்கும் முரண்பாடு நமக்குத் தோன்றுவதே இல்லை. அந்தணர் என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் உரை கூறும்போது அழகிய தட்பத்தை உடையவர் என்று காரணம் காட்டுகிறார். அது சரியான காரணந்தானா என்பதில் வழக்கு இருக்கலாம். உயர்ந்தவருக்கு அடையாளம் குளிர்ச்சி என்று அந்த உரையாசிரியருக்குத் தோன்றியதே, அதுவே போதும். இவ்வளவும் போதாதென்று பாஷைக்கே 'தண்டமிழ்' என்று பெயர் வைத்தார்கள். சிலப்பதிகாரத்தில் சாத்தனாருக்கு அமைந்த அடைமொழியில் அச்சொல் இருக்கிறது. தன் தாய்மொழியைக் 'குளிர்ந்த மொழி' என்று சொல்லி ஓர் ஆங்கிலேயன் பெருமைப்பட்டான் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டார்கள். 'குளிர வை' என்பார்கள். ஆடி மாதத்தில் வடதமிழ்நாட்டு மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும், வேப்பிலை சாத்துவதும் அம்மனைக் குளிரச் செய்வதற்காகவே. தணிந்தால்தான் அவள் தாய்.

ஆனால் நமக்குக் குளிரே உறைக்காது என்றும் எண்ணிவிடக்கூடாது. இதே ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். அங்குள்ள அவருடைய திருமேனிக்குக் குளிர்காலத்தில் வெந்நீரால் திருமஞ்சனம் செய்து கம்பளி போர்த்துவது வழக்கம். மார்கழி விடியற்காலையில் கைகட்டி நடுங்கியவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். நடுக்கம் பயத்துக்கும் உரியதாகையால், பயம் தெளிந்து துணிந்துவிட்டவனைப் பற்றி, "அவனுக்குக் குளிர் விட்டுப் போச்சு" என்கிறோம். இதிலே ஒரு விநோதம். துடுக்காகப் பேசுகிறவனை ஆங்கிலேயன் 'கூல்' என்கிறான். அதாவது அவனிடம் குளிர்ச்சி இருக்கிறது. நாமோ குளிர் போய்விட்டது என்கிறோம். இருவரும் சுட்டுவது ஒரே ஆசாமியைத்தான்!

இதையெல்லாம் எதற்காக விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இப்போது நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அன்பான வரவேற்பை 'வெதுவெதுப்பான வரவேற்பு' என்று எழுதவும் பேசவும் தொடங்கியிருக்கிறார்கள். மே மாதத்தில், மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்கும் மனிதருக்கு வெதுவெதுப்பாக ஒரு வரவேற்பு! அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? 'உள்ளங் குளிர வரவேற்றார்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலச் சொல்லை நாம் தாராளமாகக் கடன் வாங்கலாம். 'பஸ்'ஸும் 'காபி'யும் வந்ததால் தமிழ் கெட்டுவிடவில்லை. அவர்களுடைய குளிர்காலத்தையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டிய அவசியந்தான் இல்லை.

சரி, வெறுப்பையும் அலட்சியத்தையும் குறித்த சொல் புகழ்ச்சியாக மாறியது எப்படி? கோபத்தால் கொதிக்காத புத்தி என்ற கருத்து ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இச்சொல்லுக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும் பணத்தொகைக்கு முன்னால் இதை ஒட்டி, 'கூல் ஆயிரம்' என்று அலட்சியமாகச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் இன்று உலகமெங்கும் இளைஞர்கள் வாயில் புரளும் 'கூல்', பிரபுக்களின் மாளிகையிலிருந்து வந்ததன்று. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியாரான கறுப்பு மக்களிடம் பிறந்து, 1930-களிலும் 40-களிலும் 'ஜாஸ்' சங்கீத வித்வான்களிடையே பரவியது அது. லெஸ்டர் யங் என்ற ஸாக்ஸபோன் வித்வான் அதைப் பிரபலப்படுத்தினார் என்பார்கள். மைல்ஸ் டேவிஸ் 1949-லும் 1950-லும் பதிவு செய்த சில இசைத் துண்டுகளைத் தொகுத்து 1957-ல் வெளியிட்டபோது, 'கூல்' என்பதன் பிறப்பு என்றே அந்தத் தட்டுக்குப் பெயரிட்டார்கள்.

அந்த மக்களுக்கு இக்கருத்து எங்கிருந்து கிடைத்தது? யேல் சர்வகலாசாலையில் கலைச் சரித்திரம் போதித்த ராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன் என்பவர் 1973-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபா ஜனங்களிடம் 'இதுது' என்று ஒரு சொல் உண்டு. குளிர்ச்சி என்பது அதன் நேர்ப் பொருள். மனம் தளராத நிதானம், பெருந்தன்மை என்பவை அதன் உட்பொருள். அந்தப் பண்பையும் அமெரிக்கக் கறுப்பு மக்களின் 'கூல்' என்ற போக்கையும் அவர் ஒரே பரம்பரையாகக் காட்டினார். நைஜீரியாவும் வெயில் தேசமே. சவுக்கடிக்கு நடுவே முகத்தில் சலனம் காட்டாமல் நின்றவர்களுக்கு அந்த நிதானம் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. அது உயிர் காக்கும் கவசம். குளிர் நாட்டார் அவமதிப்பாக வழங்கிய சொல்லை வெயில் நாட்டார் வாங்கிப் புகழ்ச்சியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 'கூல்' நமக்கு அந்நியம் அன்று. நம் 'தண்மை'க்கு அது தூரத்து உறவு; சொல்லால் அல்ல, வெயிலால்.

சமஸ்கிருதத்தில் 'ஜட' என்ற சொல்லுக்குக் குளிர்ந்தது என்றும் உணர்வற்றது என்றும் இரண்டு பொருளும் உண்டு என்பதை இங்கே ஞாபகப்படுத்துவது நல்லது. எவ்வளவு சொன்னாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பவனை இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'கூல்' என்கிறார்கள். பாட்டி 'ஜடம்' என்கிறாள். பாட்டியின் பக்கமும் நியாயம் உண்டு.

குளிர்ச்சி என்பது ஒரு காலத்தில் நமக்கு இறக்குமதிச் சரக்காக இருந்தது. 1833-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பிறகு அது கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதே. 1897-ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. தோரோ என்ற அமெரிக்க ஞானி தாம் வசித்த வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டுவதைக் கண்டு, சென்னை ஜனங்களும் தம் கிணற்றில் நீர் அருந்துகிறார்கள் என்று 1854-ல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். அருந்தியது எந்த ஜனங்கள் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கட்டி பெரும்பாலும் துரைமார்களின் கோப்பையில்தான் கரைந்தது. ஏழைக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு சொல். 'ஐஸ் வைப்பது' என்றால் என்ன என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகஸ்துதியைக்கூட நாம் குளிர்ச்சியாகத்தான் செய்கிறோம்.

அமெரிக்க ஏரியிலிருந்து வந்த குளிர்ச்சி இப்போது சுங்குவார்சத்திரத்தில் உற்பத்தியாகிறது. உற்பத்தியாகிறது என்பதும் உபசார வார்த்தையே. குளிர்ப்பெட்டி குளிரைப் படைப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை ஒரு திரவம் ஆவியாகி உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்க, அது சூடேறிக் குழாய்கள் வழியாக வெப்பத்தை வெளியே கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. பெட்டியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்தால் சுடும். உள்ளே இருக்கும் வெண்ணெய் குளிர்வதற்காக வெளியே யாரோ சூட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இயந்திரத்தின் தர்மம்.

இனி இந்தச் சொல்லுக்கு அகராதியில் அண்டை வீட்டுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும். 'கூல்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'கூலி'. குளிர்ச்சியாக, நிதானமாக என்று பொருள். அதே பக்கத்தில் அதே உச்சரிப்போடு இன்னொரு 'கூலி' உட்கார்ந்திருக்கிறது. அது சுமை தூக்குகிறவன். இரண்டுக்கும் இரத்த சம்பந்தம் கிடையாது. இரண்டாவது சொல் குஜராத்துக் 'கோலி' என்ற இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். நம் தமிழ்க் 'கூலி'யிலிருந்து வந்தது என்பர் சிலர். 1886-ல் வெளியான 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இரண்டையும் எடுத்துச் சொல்கிறது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிக்காது. உழைப்புக்குரிய பலனைக் குறிக்கும். திருவள்ளுவர் 619-ஆம் குறளில் அந்தச் சொல்லை ஆளும்போது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! தெய்வத்தால் ஆகாததையும் முயற்சி தரும் என்னும் இடத்தில், மெய் வருந்தியதற்கு உரிய பயன் அங்கே கூலி. அப்படிப்பட்ட சொல்லைக் கப்பலேற்றி, நேட்டாலுக்கும் பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் கொண்டுபோய், பலனை உதிர்த்துவிட்டு ஆளின் மேல் பட்டமாகக் கட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளே 'கூலி பாரிஸ்டர்' என்று ஏசப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1917-ல் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவது நின்றது. பட்டம் மட்டும் எளிதில் நிற்கவில்லை. 2025-ல் ரஜினிகாந்த் நடித்த படத்துக்கு அதையே பெயராகச் சூட்டி ஊரெங்கும் விளம்பரம் ஒட்டியதைக் கண்டபோது, சொல்லுக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

குளிர்ச்சியான 'கூலி'யும் உழைக்கும் கூலியும் ஒரே இடத்தில் சந்தித்த சம்பவம் ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் நடந்தது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி, முன் சொன்ன சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். அதைவிட முக்கியமாக, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்றார்கள். இம்மாதிரி சமயங்களில் எல்லாத் தேசங்களிலும் நல்ல மனிதர்கள் தொழிலாளரிடம் சொல்லும் புத்திமதி, சூடாகாதீர்கள் என்பதே. அமெரிக்காவில் 1947-ல் செய்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி, தேசத்துக்கே தீங்கு வரும் என்று கருதப்படும் வேலை நிறுத்தத்தை 80 நாள் தடுத்து வைக்கலாம். அந்த எண்பது நாளுக்கு வழங்கும் பெயர் 'கூலிங்' காலம்! சூடு தொழிலாளியிடம் மட்டுமே பிறக்கிறது என்ற எண்ணம் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள்.

முப்பத்தேழு நாள் அந்த வேலை நிறுத்தம் நடந்தது. அரசாங்க மந்திரிகள் முன்னிலையில் பேச்சு நடந்து, அக்டோபர் 15-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. ஆனால் சங்கத்தின் பதிவு மட்டும் அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போயிற்று. காரணம் என்ன தெரியுமா? சொல்தான். சங்கம் தன் பெயரில் 'சாம்சங்' என்ற சொல்லை வைத்துக்கொள்ளக்கூடாது, அது எங்கள் வியாபாரப் பெயர் என்று கம்பெனி ஆட்சேபித்தது. பெட்டியின் மேல் அந்தப் பெயரை ஒட்டுகிறவன் தன் சங்கத்தின் மேல் அதை ஒட்டிக்கொள்ளலாமா கூடாதா என்பது விவகாரம். அது சென்னை ஹைகோர்ட் வரை போயிற்று. 2025 ஜனவரியில் பதிவு நடந்தது. 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற முழுப் பெயரும் அப்படியே பதிவாயிற்று.